நம்பிக்கையிழந்த நற்கவிஞர்: வில்லியம் கூப்பர்

நன்மையையே எண்ணுபவன் நன்மையையே காண்பான். தீமையையே எண்ணுபவன் தீமையிலேயே அழுந்துவான் என்று அறிஞர் பலர் எழுதியுள்ளனர். கேட்பதற்கு இஃது எளிதாகத் தோன்றுகின்றது. ஆயின், ஒரு மனிதனுடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, பிறந்த நாள் முதல் இறந்த நாள் வரை தொடர்ந்து நோக்குவோமாயின், அத்துணை எளிதில் இதனை முடித்துவிட இயலாதென்பது புலனாகும். ஆங்கிலக் கவிஞராகிய வில்லியம் கூப்பரின் வரலாற்றை ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது இதுபற்றியே. ஞானப்பாட்டுகள் இயற்றியவர் என்ற அளவில் அவர் பெயரை நம்மிற் பலர் அறிவர். பிறர்க்கு ஆறுதல் தரும் அப்பாட்டுகளைப் பாடியவர், தம் வாழ்நாளில் மூன்றிலொரு பங்குக்கு மேலாக, தமக்கு மட்டும் ஆறுதலே கிடையாதென்ற முடிவோடு வாழ்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

கூப்பர் 1731ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இங்கிலாந்தில் ஹெர்ட்போர்டு வட்டாரத்திலுள்ள பெர்க்ஹாம்ஸ்டெட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குருவானவர். ஆறு வயது நிறைவதற்குள் அன்னையார் காலமானார். ஐம்பத்திரண்டு ஆண்டு கழிந்தபின் உறவினர் ஒருவர் அன்னையின் படத்தை அவருக்கு அனுப்பியபோது, அவர் அதனை முத்தமிட்டு, படுக்கையருகே மாட்டி வைத்து, அப்படத்தைக் குறித்தே ஒரு பாட்டு இயற்றினார். ஆறு வயதிற் பட்ட புண் அறுபதை நெருங்கியும் ஆறவில்லை போலும்.

தாயை இழந்த அச்சிறுவனை உடனே ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினர். அங்கே பதினைந்து வயதுள்ள மாணவன் ஒருவன், எவரும் அறியாவகையில் அவனைக் கொடுமைப்படுத்தி வந்தான். அவனை நிமிர்ந்து பார்க்கவும் சிறுவனுக்குத் துணிவில்லை. முழங்காலுக்கு மேல் அவன் கண் சென்றதில்லை. ஆகவே அப்பெரிய மாணவனை முகத்தைக் கொண்டன்றி, அவன் காலணியின் கொக்கியைக் கொண்டே அடையாளம் கண்டான். இச்செய்தியைக் கூப்பரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். வரப்போவது தீங்கே என்று எதிர்நோக்கும் பழக்கம் இங்கே வேரூன்றியதென நாம் கருதினால் அது பிழையாகாது. தலை கவிழ்ந்தே நடந்தவனுக்கு வானம் எங்ஙனம் தெரியும்?

அதற்குப்பின் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் அவர் நன்றாகவே இருந்தார். கிரேக்கமும் இலத்தீனும் கற்றார், பந்தாட்டத்திலும் வல்லவர். வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரலாகப் பின்னாளில் விளங்கிய வாரன் ஹேஸ்டிங்ஸ் அங்கே அவருடன் பயின்றவர். ஹேஸ்டிங்ஸ் பாராளுமன்றத்தார் முன் குற்றஞ்சாட்டப்பெற்று நின்ற காலத்தில், கூப்பர் 1792இல் அவருக்குச் சார்பாகச் சில வரிகள் பாடினார். பள்ளித் தோழன் அத்தகைய கொடுமை செய்திருக்கமாட்டான் என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் சரியோ தவறோ, அதை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. பிறரைப்பற்றி இவ்வாறு நல்லதையே எண்ணக்கூடியவர் தம்மைப்பற்றி ஒருபோதும் அங்ஙனம் எண்ணவில்லை என்பதே நம் கருத்துக்குரியது.

சட்டம் பயில அவரை ஒரு வழக்கறிஞரிடம் சேர்த்தனர். அங்கே உடன் பயின்றவர் எட்வர்டு தர்லோ. இவ்விருவரும் சட்ட நூல்களைப் புரட்டிய நேரத்தினும், கூப்பரின் சிற்றப்பன் வீட்டில் அவர் பெண்களோடு சிரித்துப் பேசிய நேரமே மிகுதி. அப்பெண்களில் ஒருத்தியாகிய தியோடோராவைக் கூப்பர் காதலித்தார். தந்தையார் மணத்திற்கு இசையவில்லை. அவள் இறுதிவரை வேறொருவரையும் மணவாமலே இருந்துவிட்டாள். ஒருநாள் கூப்பர் தர்லோவை நோக்கி, நீ நாட்டின் தலைமை நீதியமைச்சனாவாய், நானோ என்றும் ஒன்றுமில்லாதவனாகவே இருப்பேன் என்ற கருத்துப்படக் கூறினாராம். தர்லோ 1778இல் அப்பதவியையே அடைந்தார். நண்பனுக்கு வரும் உயர்வை அத்துணைத் தெளிவாகக் கண்டவர், தமக்கு எதிரே பார்த்தபோது வெறும் சுவரையே கண்டார்.

1763ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையைப் பிளந்தது. பிரபுக்கள் சபையின் நடவடிக்கைக் குறிப்பேடுகளைக் காக்கும் எழுத்தர் பதவி காலியாயிற்று. உறவினர் ஒருவர் அதனை அவருக்கு அளித்தார். வேலையோ எளிது, வருவாயும் உண்டு. ஆயின் வேறு சிலர் இந்நியமனத்தை எதிர்த்தமையால், கூப்பர் சபையின் முன் தோன்றித் தம் தகுதியைக் காட்டவேண்டுமென்று ஆயிற்று. அவ்வளவே! அரை மணி நேரம் சில கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும். நம்மில் யாரும் ஆண்டுதோறும் தேர்வு மண்டபத்திற் செய்வதைவிட அது பெரிதன்று.

ஆனால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழியன்றோ? அவர் நாள்தோறும் அலுவலகத்திற்குச் சென்று குறிப்பேடுகளைத் திறந்துகொண்டு உட்காருவார், படிப்பார், ஒரு சொல்லும் உள்ளத்திற் பதியாது. இவ்வாறு மாதங்கள் சென்றன. சபையின் முன் நிற்கும் அந்த ஒரு நாளை எண்ணி எண்ணி, அந்நாள் வருமுன் தமக்குப் பித்துப் பிடித்துவிட்டால் நல்லதென்றும் விரும்பினார். நாள் நெருங்கியபோது தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முயன்றார், ஒருமுறையன்று, பலமுறை. இறைவன் அருளால் உயிர் தப்பினார். பதவி போயிற்று, அறிவும் கலங்கிற்று. வராத தீங்கை வந்ததாகவே கொண்டு நடுங்கிய நடுக்கம், உண்மையான தீங்கைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டது.

செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊரில் மனநோயாளருக்கென்று நதானியேல் காட்டன் என்ற மருத்துவர் ஒரு விடுதி நடத்தி வந்தார். அங்கே கூப்பர் ஒன்றரை ஆண்டு தங்கினார். காட்டன் அன்பு நிறைந்தவர். நோயாளிகளை விலங்கிட்டு அடித்துவந்த அக்காலத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசியவர். 1764ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் ஒருநாள் கூப்பர் தற்செயலாக வேதாகமத்தைத் திறந்து, ரோமருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்தார். இருள் விலகிற்று. அடுத்த எட்டு ஆண்டுகள் பொதுவாக அவர் மகிழ்ச்சியோடு வாழ்ந்தார். ஹண்டிங்டன் என்னும் ஊரில் அன்வின் என்ற குருவானவரின் குடும்பத்தார் அவரைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டனர். 1767இல் அக்குருவானவர் குதிரையிலிருந்து விழுந்து இறக்கவே, அவர் மனைவியாராகிய மேரி அன்வின் அம்மையாரும் கூப்பரும் ஓல்னி என்ற சிற்றூருக்குச் சென்று குடியேறினர். லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழை மக்கள் நிறைந்த ஊர் அது. அவ்வூரின் துணைக்குருவாக இருந்தவர் ஜான் நியூட்டன்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று, இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். நியூட்டனும் ஆறு வயதிலேயே தாயை இழந்தவர். இளமையில் போர்க்கப்பலுக்குப் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பட்டார். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு வணிகனிடம் அடிமைபோல் கிடந்து பட்டினியால் வாடினார். 1748இல் கடும்புயலில் கப்பல் மூழ்குந்தறுவாயில் ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார். அதற்குப் பின்னும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராய் நான்கு ஆண்டுகள் கடலோடினார். பிறர் கண்ணீரைத் தம் தலைமேற் சுமக்கவேண்டியவர் அவரே. ஆயினும் தமக்கு மன்னிப்புண்டென்று உறுதியாக நம்பி, அந்நம்பிக்கையால் எழுந்து, எண்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்து, 1788இல் அடிமை வியாபாரத்தின் கொடுமைகளைத் தாம் கண்டவாறே எழுதி வெளியிட்டு, அவ்வியாபாரத்தை ஒழிக்கும் சட்டம் 1807இல் நிறைவேறியதைக் கண்டபின்பே கண்மூடினார். கூப்பரோ ஓர் எறும்புக்கும் தீங்கு செய்யாதவர். ஒரே ஊர், ஒரே ஆலயம், ஒரே போதனை, ஒரே வேதம். குற்றம் மிகுந்தவர் நம்பினார்; குற்றமற்றவர் நம்பவில்லை. நடந்தவற்றைவிட, நடந்தவற்றை நோக்கும் கண்ணே பெரிதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்விருவரும் சேர்ந்து ஓல்னி மக்களின் ஜெபக் கூட்டங்களுக்கென்று ஞானப்பாட்டுகள் இயற்றினர். 1779இல் வெளிவந்த அத்தொகுதியில் முந்நூற்று நாற்பத்தெட்டுப் பாட்டுகள் உள்ளன. கூப்பர் இயற்றியவை அறுபத்தேழு அளவே. எண்ணிக்கை ஏன் இத்துணைக் குறைந்ததெனின், இடையிலே அவர் பாடுவதை நிறுத்திவிட்டார்.

1773ஆம் ஆண்டு சனவரியில் பழைய இருள் திரும்பிற்று. அப்போது அவருக்கும் மேரி அம்மையாருக்கும் மணம் நிச்சயமாகியிருந்தது, அது நடைபெறவேயில்லை. அடுத்த மாதம் அவர் ஒரு கனவு கண்டார். தமக்கு இனி மீட்பில்லை, எல்லாம் முடிந்தது என்ற தீர்ப்பை அக்கனவிலே கேட்டதாக அவர் கொண்டார். அன்றுமுதல் ஆராதனைக்குச் செல்வதை விட்டார். ஜெபம் செய்வதையும் விட்டார். ஆண்டவருடைய இரக்கத்தை அவர் மறுத்தாரல்லர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். அவ்விரக்கம் உலகிலுள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு, தமக்கு ஒருவருக்கே இல்லை என்றார். வாதிட்டு வெல்லமுடியாத வாதம் இது. எத்துணை நல்ல வசனத்தை எடுத்துக் காட்டினாலும், அது பிறருக்கென்று ஒதுக்கிவிடுவார்.

நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பேணினார். மேரி அம்மையாரும் உடனிருந்து இரவு பகலாகக் காத்தார். நியூட்டனுடைய கடுமையான போதனையே கூப்பரின் அறிவைக் கலக்கிற்றென்று பின்வந்தோர் சிலர் பழி கூறினர். அதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. நியூட்டனை அவர் காணுமுன்பே, 1763இலேயே, அந்நோய் வந்துவிட்டது. இன்றைய மருத்துவர்கள் இதனைக் கடும் மனச்சோர்வு நோயென்றே கூறுவர். நல்லதை நினையென்று சொல்லி ஓட்டிவிடக்கூடியதன்று அது. நோயின் வாய்க்குள் சமயச் சொற்கள் கிடைத்தன. அது அச்சொற்களால் பேசிற்று. வேறு சொற்கள் கிடைத்திருந்தால் அவற்றாற் பேசியிருக்கும்.

இனி, அக்கனவுக்குப் பின்வந்த நாட்களைக் காண்போம். நாம் இவரை எடுத்துக்கொண்டதே இந்நாட்களை எண்ணித்தான்.

1774இல் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கிடைத்த முயற்குட்டியொன்றைக் கூப்பரிடம் கொடுத்தனர். அவருக்கு முயல்மேல் ஆசையென்று கேள்விப்பட்ட ஊரார் ஆளுக்கொன்றாகக் கொண்டுவரத் தொடங்கினர். அவர் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். மூன்றும் ஆண் முயல்களே. பெயர் மட்டும் பஸ், டைனி, பெஸ் என்று பெண்பெயர் போலிருந்தன. தம் கையாலேயே அவற்றுக்குத் தனித்தனி மரக்கூடுகள் செய்தார். டைனிக்கு முன்கோபம், தொட்டால் உறுமி, முன்னங்கால்களால் அறையும். பஸ்ஸோ அவர் மடியில் ஏறிப் படுக்கும். ஒருமுறை அது நோயுற்றபோது கூப்பர் இலைதழை கொடுத்துப் பேணினார். குணமானதும் அது அவர் கையை விரல் விரலாக நக்கித் தன் நன்றியைக் காட்டிற்று. தோட்டத்திற்குப் போகவேண்டுமென்றால் முழங்காலில் தட்டும். கவனிக்காவிட்டால் சட்டையின் விளிம்பைப் பல்லாற் பிடித்து இழுக்கும். மாலைதோறும் மூன்றையும் கூடத்துக் கம்பளத்தின்மேல் விட்டுவிடுவார். அவை துள்ளி விளையாடுவதை மேரி அம்மையாரும் அவரும் பார்த்துக்கொண்டிருப்பர். பஸ் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு அவரிடம் வாழ்ந்து, 1786இல் கிழப்பருவத்தால் இறந்தது. காட்டிலே வேட்டைநாய்க்கு இரையாகவேண்டிய பிராணி அது. தமக்கு அடைக்கலமில்லை என்றிருந்தவர் அதற்கு அடைக்கலமானார்.

தச்சு வேலையும் கற்றார். பறவைக்கூண்டு செய்தார், மேசை செய்தார், கண்ணாடிப் பலகணி பொருத்தினார். தோட்டத்தில் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிட்டார்; குளிர்காலத்திற் செடிகள் பட்டுப்போகாதிருக்கக் கண்ணாடியால் ஒரு செடிவீடு அமைத்தார். இவை யாவும் அறியாதார்க்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். அவருக்கோ இவையே பகல்களைத் தாங்கிய தூண்கள். நாளைக்கு என்பது அவருக்கு இல்லை. ஆயின் வெள்ளரி விதைக்கு நாளைக்கு என்பது உண்டு. அதற்கு நீர் வார்க்க எழவேண்டும். உள்ளத்தால் நம்பமுடியாதவரின் கைகள் இங்ஙனம் நாள்தோறும் நம்பிக்கொண்டிருந்தன என்றே நமக்குத் தோன்றுகின்றது.

1780இல் நியூட்டன் இலண்டனிலுள்ள ஓர் ஆலயத்திற்கு மாறிச் சென்றார். அவ்வாண்டின் பனிக்காலத்தில் மேரி அம்மையார், ஏதேனும் நீண்ட பாட்டொன்று எழுதலாமே என்று கூப்பரைத் தூண்டினார். ஐம்பது வயதை எட்டும்போது எழுதத் தொடங்கியவரின் முதல் நூல் 1782இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, சோர்ந்திருந்த அவரைக் கண்ட ஆஸ்டின் சீமாட்டி என்ற நண்பர், தாம் இளமையிற் கேட்ட ஒரு வேடிக்கைக் கதையைச் சொன்னார். இலண்டன் துணிவணிகர் ஜான் கில்பின் தம் மணநாளைக் கொண்டாடக் குதிரையேறிப் புறப்பட, குதிரை கட்டுக்கடங்காமல் அவரைச் சுமந்துகொண்டு எங்கெங்கோ ஓடுவது அக்கதை. கூப்பர் இரவு முழுதும் படுக்கையிற் கிடந்து சிரித்தாராம். விடிந்ததும் அது பாட்டாயிற்று. பத்திரிகையிற் பெயரின்றி வெளிவந்து, பின்னர் ஹெண்டர்சன் என்ற நடிகர் இலண்டன் மேடையிற் படித்துக் காட்ட, நாடே சிரித்தது. தம் நகைச்சுவைப் பாட்டு மிகத் துயரமான மனநிலையிற் பிறந்ததென்றும், அத்துயரம் இல்லாதிருந்தால் அதனை எழுதியேயிருக்க மாட்டார் என்றும் பொருள்பட அவரே ஒரு கடிதத்திற் குறித்துள்ளார்.

அச்சீமாட்டியே மீண்டும் ஒருமுறை, எதைப்பற்றி எழுதுவதென்று கேட்டவருக்கு, இந்தச் சோபாவைப்பற்றி எழுதுமே என்றார். விளையாட்டாகத் தொடங்கிய அது ஆறு காண்டங்களில் ஐயாயிரம் வரியளவு வளர்ந்து, 1785இல் 'டாஸ்க்' என்னும் பெருநூலாயிற்று. மன்னரையும் போர்களையும் பாடாமல், வயல், வண்டிப்பாதை, பனிக்காலத்து மாலை, தேநீர், செய்தித்தாள் என்று கண்முன் கிடந்தவற்றைப் பாடிய நூல் அது. பின்வந்த வேர்ட்ஸ்வொர்த் முதலியோருக்கு வழிகாட்டியென்று இலக்கிய வரலாற்றார் இதனைப் போற்றுவர். வருங்காலத்தைப் பார்க்க அஞ்சியவர் நிகழ்காலத்தைப் பிறர் பாராத அளவுக்குக் கூர்ந்து பார்த்தார். இதனை அவர் சோர்வின் பயன் என்று சொல்லுவோமா? அங்ஙனம் சொல்ல நாம் துணியமாட்டோம். அவர் பட்ட பாட்டுக்கு அது மிக மலிவான விலை. 1788இல் அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் எழுதிய பாட்டுகள் மக்களிடையே பரவி, அவ்வியாபாரத்தை ஒழிக்க முனைந்தோருக்குத் துணையாயின. தமக்கு விடுதலையில்லையென்று உறுதி கொண்டவர் பிறர் விடுதலைக்காக எழுதினார்.

தியோடோராவின் தமக்கையாகிய ஹெஸ்கெத் சீமாட்டி, நெடுங்காலம் கழித்து, 'டாஸ்க்' வெளியான ஆண்டில் அவரோடு மீண்டும் கடிதத் தொடர்பு கொண்டார். 1786இல் அவர் உதவியாற் கூப்பரும் மேரி அம்மையாரும் வெஸ்டன் என்னும் அண்டையூருக்குக் குடி பெயர்ந்தனர். அக்காலமுதல் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து பணமும் பரிசுகளும் வந்துகொண்டிருந்தன. அனுப்பியவர் தியோடோராவே என்பர். அடுத்த சனவரியில் ஆறு மாதம் அறிவு மீண்டும் கலங்கிற்று. தெளிந்தெழுந்தவர், தாம் முன்னரே தொடங்கியிருந்த ஹோமர் காவியங்களின் மொழிபெயர்ப்பை, நாள்தோறும் இத்தனை வரி என்று வரையறுத்துக்கொண்டு தொடர்ந்து, 1791இல் அச்சேற்றினார்.

அவ்வாண்டின் இறுதியில் மேரி அம்மையாரைப் பக்கவாதம் தாக்கிற்று. அடுத்த ஆண்டில் மீண்டும் தாக்கிற்று. இருபத்தைந்து ஆண்டு தம்மைத் தாங்கியவரை இப்போது கூப்பர் தாங்கினார். அத்துடன் அவர் வலிமை தீர்ந்தது. 1794இல் அரசர் முந்நூறு பவுன் ஆண்டுதோறும் கொடுக்குமாறு ஆணையிட்டார். அதை உணரும் நிலையில் அவர் இல்லை. இளைய உறவினராகிய ஜான் ஜான்சன் இருவரையும் 1795இல் நார்போக் வட்டாரத்திற்கு அழைத்துச் சென்றார். மேரி அம்மையார் 1796ஆம் ஆண்டு டிசம்பரில் ஈஸ்ட் டீரம் என்ற ஊரிற் காலமானார். உடலைக் கண்டு ஒருமுறை கதறிய கூப்பர், அதற்குப்பின் அவர் பெயரையே உச்சரிக்கவில்லை.

1799ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் தம் இறுதியான ஆங்கிலப் பாட்டை எழுதினார். ஆன்சன் என்ற கடற்படைத் தலைவரின் பிரயாண நூலில் அவர் படித்த நிகழ்ச்சி அது. புயலில் மாலுமியொருவன் கடலில் விழுந்துவிடுகிறான். தோழர்கள் கப்பலைத் திருப்ப இயலாமல் விட்டுச் செல்கின்றனர். அவன் நெடுநேரம் நீந்தி மூழ்குகிறான். அம்மாலுமியைத் தாமாகவே கண்டார் கூப்பர். அப்பாட்டிலும் வாசகம் கலங்கவில்லை, சந்தம் தளரவில்லை. மூழ்குகின்றவர் அத்துணை நேரம் நீந்தினார் என்பதையும் அதே பாட்டு சொல்லத்தான் செய்கின்றது.

1800ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கூப்பர் ஈஸ்ட் டீரத்தில் உயிர் துறந்தார். உயிர் பிரிந்தபின் அவர் முகத்தில் அமைதியும், எதையோ எதிர்பாராது கண்ட வியப்பும் கலந்திருந்ததாக ஜான்சன் எழுதி வைத்தார். அன்புடையார் கண் தான் விரும்பியதைக் காணும்; ஆகவே இதைக்கொண்டு நாம் ஒன்றும் முடிவு கட்டவில்லை. உடலை அவ்வூர் ஆலயத்தினுள்ளேயே, மேரி அம்மையார் அடங்கிய அதே ஆலயத்தில், அடக்கம் செய்தனர். தியோடோரா 1824வரை வாழ்ந்திருந்தார். இளமையில் கூப்பர் தமக்கெழுதிய பாட்டுகளை அவர் யாருக்கும் காட்டாமல் காத்து வைத்திருந்தார். அவை அடுத்த ஆண்டில் அச்சாயின.